அட்டையின் வெள்ளைப் பக்கம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாத்தாவோடோ பாட்டியோடோ சேர்ந்து ஒரு கைவேலை செய்துகொண்டு வர வேண்டும், கடையில் எதுவும் வாங்கக் கூடாது, வீட்டில் கிடக்கிறதை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் ஜஸ்டஸ் வாத்தியார் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அகப்பட்டுக்கொண்டவன் நான்.

என் பெயர் ஜோன்ஸ். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் போய்வந்து, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியே தொண்டை தேய்ந்தவன். கத்தரிக்கோல், பசை இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. அந்த வேலையெல்லாம் என் மனைவி ஞானபாக்கியத்தோடு சரி. அவள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அடுத்து என் மகன் இஸ்ரேல். இந்தப் பிப்ரவரியில், லோடு வேன் எடுத்துக்கொண்டு ராயகிரிப் பக்கம் போனவன், புளியமரத்தில் மோதி அந்த இடத்திலேயே முடிந்துபோனான்.

நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவன் எப்போது உடைவான், எப்போது தாங்கிப் பிடிக்கலாம் என்று இரண்டு பேர் தயாராகவே இருந்தார்கள். எனக்கோ செருப்புக்குள் ஒரு சரளைக்கல் புகுந்து உறுத்திக்கொண்டிருந்தது. ஜெபத்துக்கு நடுவில் காலை உதற முடியவில்லையே என்பதுதான் அப்போது என் கவலை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்கும்? கிள்ளினால்கூட வேறு யாருடைய கன்னத்தையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். எனக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. சாப்பிடுவேன், குளிப்பேன், பேப்பர் படிப்பேன். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எரிச்சல் மட்டும் கொஞ்சம் வரும்.

வீட்டில் இப்போது மூன்று பேர். நான், மருமகள் ஷீஜா, இரண்டாம் வகுப்பு படிக்கிற பேத்தி ஜெபிதா. ஷீஜாவுக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நவம்பரில் ஒரு நாள் எனக்குத் தோசை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் நானும் ஜெபியும் மார்த்தாண்டம் போயிரலாம்னு பாக்கேன். அண்ணன் வண்டி கொண்டுட்டு வாரேன்னு சொல்லுதாங்க. அங்கனயே ஒரு ஸ்கூல்ல பேசிட்டாங்களாம்."

"சரிம்மா" என்றேன்.

அவள் கரண்டியும் கையுமாக என் பக்கம் திரும்பினாள். நான் இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றச் சொன்னேன். ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான். இது எனக்குப் புரியாமல் இல்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவன் நான்தான் என்பதும் புரிந்தது. ஆனால் அப்படிச் சொல்வதற்கு உள்ளே ஏதாவது ஒன்று பிடித்துத் தள்ள வேண்டும் இல்லையா? ஒன்றும் தள்ளவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டே வந்தது. ஷீஜா கட்டிலுக்கடியில் இருந்த பெரிய பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள். நான் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

எங்கள் ஜனங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டமாட்டார்கள். புதுத்துணி, முறுக்கு, அதிரசம், கேக் எதுவும் கிடையாது. கேரல் பாட வருகிற பையன்கள் தெருமுனையிலேயே டிரம்மை நிறுத்திவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வந்து, ஒரு ஜெபம் பண்ணிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்த்தான் திரும்ப அடிக்க ஆரம்பிப்பார்கள். தெரு முழுக்கக் கலர் கலராக ஸ்டார் தொங்கும்போது ஒரு வாசல் மட்டும் இருட்டாக இருந்தால், என்ன ஏது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"நம்ம வீட்டுக்கு ஸ்டார் கிடையாதா தாத்தா?" என்று ஜெபிதா கேட்டாள்.

"இந்த வருஷம் கிடையாது மக்கா."

"சர்ச் ஹால்ல கட்டலாம்லா? அது நம்ம வீடு இல்லல்லா?"

சட்டம் படிக்க வேண்டிய பிள்ளை. நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

ஆனாலும் ஸ்டார் வேண்டாம், லேசாக ஏதாவது செய்து தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். பக்கத்து வீட்டில் சண்முகசுந்தரி தறி போட்டிருக்கிறாள். நூல் தீர்ந்துபோன காகிதக் கோன் அவளிடம் சாக்குச் சாக்காகக் கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துப் பச்சைத்தாள் ஒட்டினால் கிறிஸ்துமஸ் மரம். வேலை முடிந்தது. போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, காலையிலருந்து நீங்க எத்தனாவது ஆளுன்னு தெரியுமா? உங்க சர்ச்சு பிள்ளையளு பூரா இங்கனதான் நிக்கி. எல்லாரும் மரம்தான் செய்யுதாவளாம். கழிவுப் பஞ்சு வேற அள்ளிட்டுப் போகுதாவ. கேட்டா பனியாம்" என்று சிரித்தாள். இந்த ஊரில் பனிக்கட்டியை மீன்கடையில் பார்த்ததோடு சரி.

ஜெபிதா அங்கேயே காலை உதைத்தாள். எல்லாரும் மரம் கொண்டுவந்தால் நாமும் மரமா? ஸ்டார்தான். சண்முகசுந்தரி பாவம், தறியில் பாவு ஓட்டி மிஞ்சியதில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கை நூலைக் கொடுத்து அனுப்பினாள்.

ஸ்டாருக்குச் சட்டம் வேண்டும். மூங்கில் சிம்புக்கு எங்கே போக? வாசல் பெருக்குகிற விளக்குமாற்றை உருவி ஈர்க்கு எடுத்தோம். மூன்று மூன்று ஈர்க்காகச் சேர்த்து நூலால் கட்டினால் ஓரளவு விறைப்பாக நின்றது. மைதாவைக் கிண்டிப் பசை காய்ச்சினேன். முதல் தடவை கட்டி தட்டிப் போயிற்று. இரண்டாவது தடவை அடிப்பிடித்தது. மூன்றாவதில் பசை வந்தது. செய்தித்தாளை ஒட்டிப் பார்த்தோம். ஈரம் பட்டதும் நனைந்த வேட்டி மாதிரித் தொங்கியது. பழைய காலண்டர் தாள் வழவழவென்று இருந்ததால் பசையே பிடிக்கவில்லை. கேக் டப்பா அட்டையை எடுக்கலாம் என்றால், இந்த வருஷம் எங்கள் வீட்டில் கேக் டப்பா ஏது?

"நல்ல அட்டையா வேணும் தாத்தா. ஒரு பக்கம் வெள்ளையா."

நல்ல அட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஸ்டூலைப் போட்டுப் பரணில் கைவிட்டு ஒரு காகிதக் கட்டை இறக்கினேன். இஸ்ரேலுடைய நினைவுக் கூட்டத்துக்கு அடித்த கார்டு. நடுவில் அவன் போட்டோ, மேலே ஒரு வசனம், கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. குறைச்சலாக அடித்தாலும் ஒரே ரேட்டுதான் அண்ணாச்சி என்று அச்சகத்தில் சொன்னதால் அதிகமாகவே அடித்துவிட்டோம். வந்தவர்களுக்குக் கொடுத்ததுபோகப் பாதிக்குமேல் மிச்சம். அதைக் குப்பையில் போட முடியுமா? எரிக்க முடியுமா? பழைய பேப்பர்காரனிடம் போட்டால் நாளைக்கு இஸ்ரேல் முகத்தில் யாராவது வடை கட்டிக் கொடுப்பார்கள். அதனால் பரண்.

நான் கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று, கோடு கிறுக்கல் இல்லாமல் இருந்தது. நான் பார்த்தது அதை மட்டும்தான்.

"தாத்தா, இது அப்பா கார்டுலா?"

"ஆமா. அட்டை நல்லாருக்கு பாரு."

அவள் விரலால் சுண்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. அப்பாவ உள்பக்கமா வச்சிருவோம். வெளிய வெள்ள."

அவ்வளவுதான் எங்கள் ஆலோசனை. ஒரு முனைக்கு ஒரு கார்டு என்று எடுத்து, சரிபாதியாக மடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"மூக்குல மடிப்பு விழுது தாத்தா. தள்ளி மடிங்க."

தள்ளி மடித்தேன். வசனத்தையும் தேதிகளையும் வெட்டி எடுத்தேன். பெற்ற மகன் முகத்தைச் சுற்றிக் கத்தரிக்கோல் போகிறதே, கை நடுங்க வேண்டாமா என்று நானே என் கையைக் கவனித்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு வெட்டியது. காது ஓரத்தில் ஒட்டுவதற்கு இடம் போதுமா என்பதுதான் என் யோசனையாக இருந்தது. ஜெபிதா மாத்திரை அட்டையிலிருந்து பின்பக்க வெள்ளித்தாளைப் பிய்த்து ஓரம் ஒட்டினாள். சண்முகசுந்தரி கொடுத்த நூலைக் குஞ்சமாகக் கட்டி முனைக்கு ஒன்று தொங்கவிட்டாள். நடுவில் பல்பு நுழைய ஓட்டை விட்டோம். உள்ளதைச் சொன்னால், ஸ்டார் கடைச் சரக்கு மாதிரியே இருந்தது.

எரியவிட்டுப் பார்க்கவில்லை. துக்க வீட்டில் ஸ்டாருக்குள் பல்பு போட்டு, அது ஜன்னல் வழியாகத் தெருவுக்குத் தெரிந்தால் யார் பேச்சு வாங்குவது? பழைய போர்வையில் சுற்றி வைத்தோம். என்ன அது என்று ஷீஜா கேட்டபோது, "ரகசியம்" என்று ஜெபிதா சொல்லிவிட்டாள். ஷீஜா மேற்கொண்டு கேட்கவில்லை. அவளும் இப்போதெல்லாம் எதையும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சர்ச் ஹால் நிறைந்துவிட்டது. சண்முகசுந்தரி சொன்னபடியே பாதி மேஜைக்குக் கோன் மரம். கழிவுப் பஞ்சில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. டீக்கடைக் காகிதக் கப்பில் மணி, பார்சல் பெட்டியில் குடில், காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஆடு. ஒரு ஆட்டுக்கு ஐந்து கால் இருந்தது. அதைச் செய்த தாத்தா எங்கள் டிப்போவில் டிரைவராக இருந்தவர், அவருக்கு எப்போதுமே கவனம் கொஞ்சம் கம்மி. ஷீஜா டூட்டி முடிந்து நேரே வந்து, யூனிஃபார்ம் மேல் ஒரு ஷாலைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டார்களை மேலே கயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். ஜஸ்டஸ் வாத்தியார் ஹால் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு ஸ்டாராகப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

"ஜெபிதா இஸ்ரேல், தாத்தா ஜோன்ஸ்."

சுவிட்சைப் போட்டார். வெள்ளை அட்டை மஞ்சளாயிற்று. அச்சகத்துக்காரர் சொன்ன கனத்தைவிட அட்டை மெல்லிசு போலிருக்கிறது. முதலில் கறை மாதிரித்தான் தெரிந்தது. பிறகு மீசை, நெற்றி, ஸ்டூடியோக்காரன் சிரிக்கச் சொன்னதற்காகச் சிரித்த சிரிப்பு. ஐந்து முனையிலும் இஸ்ரேல் தெரிந்தான். ஸ்டார் நூலில் மெதுவாகத் திரும்ப, ஒவ்வொரு இஸ்ரேலாக எல்லாரையும் பார்த்தான்.

யாரும் கைதட்டவில்லை. பெண்கள் பக்கம் ஒருத்தி விம்மினாள். அதைக் கேட்டு இன்னும் நான்கு பேர். ஜஸ்டஸ் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார். "ஒரு தகப்பனோட இருதயம் பேசிருக்கு. இதுக்கு மேல நான் பேச ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கால்மணி நேரம் பேசினார். முதல் பரிசு எங்களுக்குத்தான். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்தார்கள். பத்து மாதமாக நான் உடைவேன் என்று காத்திருந்தவர்களுக்கு ஒரு வழியாகத் திருப்தி. நான் பொம்மை மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மேலே பார்த்தேன். அவன்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒயர் சூடேறி அட்டை பற்றிக்கொள்ளக் கூடாதே என்று நினைத்தேன்.

ஷீஜாவைச் சுற்றியும் பெண்கள் கூட்டம். ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஷீஜாவின் கை இரண்டும் அப்படியே கீழே தொங்கியது. அவள் ஸ்டாரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்டாரை ஹாலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தோம். லேசாகத் தூறல். ஜெபிதா தூக்கை ஆட்டிக்கொண்டு முன்னால் குதித்துக்கொண்டு போனாள். ஞாயிறு என்பதால் கடைகள் பாதி அடைத்திருந்தன. பூட்டியிருந்த ஒரு ஜவுளிக்கடைப் பக்கம் வரும்போது ஷீஜா வாயைத் திறந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"இத்தன நாளும் இத மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் பேசாம இருந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஐயரே பிரசங்கம் பண்ணி முடித்துவிட்டார், சபை முழுக்க அழுதுவிட்டது, நான் ஒருத்தன் மறுத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் நடந்து நடந்து எனக்கு அலுப்பாக இருந்தது. பொய்யை ஜோடிக்கிற தெம்புகூட இல்லை.

"இல்லம்மா. அட்டை நல்லாருந்துச்சு. வேற அட்டை கிடைக்கல. வெளிச்சத்துல தெரியும்னு நான் யோசிக்கவே இல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "எனக்கு ஒண்ணுமே தோணலம்மா. அவன் முகத்த வெட்டும்போதும் தோணல. அங்கன எரியும்போதும் தோணல. அவன் போனதுலருந்தே எனக்கு ஒண்ணும் தோணல."

ஷீஜா நின்றுவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நியாயம்தான்.

"அந்தக் கார்டுலதான் நான் தெனமும் கொசுவர்த்திச் சாம்பல் அள்ளுதேன் மாமா" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கெட்டியா இருக்குன்னு ஒண்ண எடுத்தேன். ஒரு நாள் பாத்தா அவங்க முகத்து மேல பூரா சாம்பல். தொடச்சேன். மறுநாளும் அதையேதான் எடுத்தேன். நான் மனுஷிதானான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு." அவள் ஷாலை இழுத்து இழுத்து விட்டாள். "பெத்தவரு இம்புட்டு துக்கத்தையும் வெளிய காட்டாம அடக்கிட்டு இருக்காரு, நான் என்னடான்னா கல்லு மாதிரி தோச சுட்டுட்டு இருக்கேன்னு நெனப்பேன். உங்க மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருக்கும். என்னைக்காவது கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயந்துதான் மாமா அண்ணன வரச்சொன்னேன். இன்னைக்கு ஹால்ல எல்லாரும் அழுதாங்க. எனக்கு வரல. நான் இங்க இருக்கவே கூடாதுன்னு நெனச்சிட்டு நின்னேன்."

தூறல் கொஞ்சம் வலுத்தது. நாங்கள் இரண்டு பேரும் ஜவுளிக்கடைக் கூரைக்குள் ஒதுங்கினோம்.

"போகாதம்மா" என்றேன்.

"எதுக்கு மாமா? ரெண்டு கல்லு ஒரே வீட்டுல கெடந்து என்ன செய்ய?"

பிள்ளையின் படிப்பு, உன் வேலை, ஊர் என்ன பேசும், இப்படிச் சொல்ல ஆயிரம் இருந்தது. நான் சொன்னது வேறு.

"எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கும்மா."

வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது உள்ளே இருந்ததே எனக்குத் தெரிந்தது. பயம். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற மாதிரிப் பயம். அந்த வீடு, அந்தப் பரண், காலையில் எழுந்தால் ஒருத்தர் சத்தமும் இல்லாத அடுக்களை எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஜவுளிக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஷீஜா கைப்பைக்குள் துழாவிப் போனை எடுத்தாள்.

"அண்ணா, வண்டி கொண்டுட்டு வர வேண்டாம். இல்ல. ஜெபிக்கு முழுப்பரீட்ச முடியட்டும், பெறகு பாப்போம். யாரும் சொல்லல, நானாத்தான் சொல்லுதேன். நான் ஒண்ணும் அழல. நீங்க போன வைங்க."

போனை வைக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான். எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அழகாக அழத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அழுதது மாடு இருமுவது மாதிரி இருந்தது. ரோட்டில் போன ஒருத்தர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முன்னால் போன ஜெபிதா திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தூக்கைப் படியில் வைத்துவிட்டு, கவுன் நுனியால் என் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"தாத்தா, நாமதான ஜெயிச்சோம்?" என்றாள். "தோத்தவங்கல்லா அழணும்."